கட்டுவிரியன் கடியும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நோயாளியைச் சேர்க்கும்போதும், மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போதும், வீட்டுக்கு விடும்போதும் தகவல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேராததால் வரும் ஆபத்தே மிகுதி என்பது என் கருத்து.

சென்ற மழைக்காலத்தில், மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து ஓர் இளைஞரை விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைத்து வந்தார்கள். காயம் எதுவும் தெரியவில்லை; இரவு சாப்பிட்ட கறிக்குழம்புதான் காரணம் என்று தாயார் உறுதியாகச் சொன்னார். “ராத்திரி கட்டில்ல படுத்தாராம்மா, தரையிலயா?” என்று கேட்டேன். தரையில் பாய் விரித்துப் படுத்தாராம். அதற்குள் அவருடைய இமைகள் சரியத் தொடங்கியிருந்ததால் பணி மருத்துவரை உடனே அழைத்தேன். கட்டுவிரியன் பாம்பு கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமோ வலியோ இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலியில் தொடங்கி, இமை சரிந்து, கடைசியில் மூச்சுத் தசைகளே செயலிழக்கலாம்.

பாம்புக்கடி நச்சுமுறி மருந்து ஏற்றத் தொடங்கிய பின், செயற்கை சுவாசம் தேவைப்படலாம் என்பதால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்சில் அனுப்ப முடிவாயிற்று. எத்தனை குப்பி மருந்து ஏறியது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, இமை சரிந்ததை முதலில் எப்போது பார்த்தோம் என்பதையெல்லாம் பரிந்துரைச் சீட்டில் எழுதி, அதையே ஆம்புலன்ஸ் பணியாளரிடம் நேரிலும் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றதுமே தாயார் நம்பிக்கை இழந்து அழ ஆரம்பித்துவிட்டார். “அங்க மூச்சு மெஷின் இருக்குது, அதுக்குத்தான் அனுப்பறோம்மா” என்று சொன்ன பிறகே வண்டியில் ஏறினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது வரும் சிக்கல் வேறு. சர்க்கரை கட்டுப்பட்டு வீடு திரும்பிய பெரியவர் ஒருவர், சர்க்கரை மீண்டும் ஏறி வந்து சேர்ந்தார். வேளை தவறாமல் ஊசி போடுவதாக மருமகள் சொன்னார். அது பொய்யும் அல்ல. போட்டுக் காட்டச் சொன்னபோதுதான் விளங்கிற்று. கையிலிருந்த இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது; கொடுத்தனுப்பிய சிரிஞ்சு தீர்ந்ததும் கடையில் வாங்கியதோ 100 யூனிட் இன்சுலினுக்கு உரிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட் மட்டுமே. 40 யூனிட்டுக்கு உரிய சிவப்பு மூடி சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். வீட்டில் ஊசி போடப்போகிறவர் மருந்தை இழுத்துக் காட்டிய பிறகே இப்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கிறேன்; பேருந்துக்கு நேரமாகிறது என்று உடன் வந்தவர்கள் முணுமுணுப்பதும் உண்டு.