சிறுவர் தினத்துக்கு கணக்கு வேசம் போட்ட ஆக்கள் இரிக்கீங்களா? எங்கட கதைய முதல்ல சொல்றன்

ஒக்டோபர் 1 வருது, வினோத உடைப் போட்டிக்கு என்ன போடுறதெண்டுதான் இப்ப எல்லா வீட்டுலயும் பேச்சு. வழமையா டொக்டர், மீன்காரி, பாரதியார்தானே, மகள் போன தடவ பை (π) வேசம் கேட்டா, அந்த வட்டத்துக்கு வாற பை. கணக்கெண்டா பிள்ளைக்கு உசிரு.

வெள்ளப் பாவாடையில கீழ்க் கரைய சுத்தி பைட இலக்கங்கள எழுதுவம் எண்டு முடிவெடுத்தன். நாங்க படிச்ச காலத்துல பை எண்டா 22இன் கீழ் 7, அவ்வளவுதான் தெரியும். நெட்டுல பாப்பம் எண்டா டேட்டாவும் முடிஞ்சிட்டு. இரவு பதினொரு மணிக்கு கொப்பியில நீளமா வகுத்து வகுத்து 3.142857142857 எண்டு வந்ததையெல்லாம் மார்க்கரால எழுதி முடிச்சிட்டுத்தான் படுத்த. தலையில பிரிஸ்டல் போட்டுல வெட்டின π வேற.

மேடைக்குப் போகமுதல் நடுவரா வந்த ஒருத்தர் தலையப் பாத்திட்டு "இது என்ன மகள், ஸ்டூலா?" எண்டு கேட்டார். பிள்ளைக்கு முகம் சுண்டிப் பெய்த்து. அத விடுங்க, மறுகாதான் விசயம். பக்கத்துல நிண்ட ஒரு கணக்கு சேர் பாவாடைய சுத்திச் சுத்திப் பாத்து ஒள்ளுப்பம் சிரிச்சார். "தங்கச்சி, பை இப்பிடித் திரும்பத் திரும்ப வராது. அது 3.14159265 எண்டு முடிவில்லாமப் போகும், ஒரே வரிசை சுத்திச் சுத்தி வராது. நீங்க எழுதினது 22/7, மூணாவது தசம தானத்துலயே வேறயாகிட்டு" எண்டார். எனக்கு நிலம் பிளந்தா உள்ள போயிரலாம் போல இரிந்திச்சு.

ஆனா அவரே சொன்னார் "அழிக்காதீங்க, இது பைய விட நல்ல வேசம்" எண்டு. 142857ஐ இரண்டால பெருக்கினா 285714, மூணால 428571, நாலால 571428, ஐந்தால 714285, ஆறால 857142. அதே ஆறு இலக்கந்தான், அதே வரிசைதான், தொடங்குற இடம் மட்டும் மாறுது! ஏழால பெருக்கினா 999999. வட்டப் பாவாடைக்கெண்டே செஞ்ச மாதிரி. மகள் மேடையில நிண்டு "ரெண்டால பெருக்கப் போறன்" எண்டு சொல்லி ஒள்ளுப்பம் திரும்பி 2க்கு முன்னால விரல வெச்சி வாசிச்சா, மறுகா "மூணால" எண்டு திரும்பினா. சனம் கைதட்டினிச்சு. பரிசு என்னவோ மீன்காரிக்குத்தான், அதுல எனக்கு இன்னும் கோவம் இரிக்கு. உங்கட கதையளச் சொல்லுங்க.

— கல்லடி அம்மா

அக்கா, நாங்க 1729 ஆட்டோ செஞ்ச. கணித மேதை ராமானுஜன் லண்டன்ல சுகமில்லாமப் படுத்திருக்கக்குள்ள ஹார்டியெண்ட இங்கிலாந்துக் கணக்கு அறிஞர் பாக்கப் போன டாக்ஸிட நம்பர் அது, சுவாரசியமில்லாத நம்பரெண்டு ஹார்டி சொல்ல, இல்ல, ரெண்டு கனங்களிட கூட்டுத்தொகையா ரெண்டு விதமா எழுதக்கூடிய ஆகச் சின்ன எண் எண்டு ராமானுஜன் சொன்னாரே, அது. 1728ம் 1ம், 1000ம் 729ம். மட்டக்களப்புல டாக்ஸிக்கு எங்க போற, அதான் ஆட்டோ. பிரிட்ஜ் பெட்டிய வெட்டி சிவப்புப் பேப்பர் ஒட்டி மருமகன்ட தோளுல கயித்தால தொங்கவிட்ட. எல்லாம் சரி, ஹோல் வாசலுக்குள்ள பெட்டி போகல்ல! மடிச்சித் தள்ளினதுல நம்பர் பிளேட் கிழிஞ்சி மேடையில 172தான் நிண்டிச்சு. செய்யிற ஆக்கள் வாசல முதல்ல அளந்திடுங்க.

— ஆரையம்பதி மாமா

மருதமுனையில இரிந்துகிட்டு துணிக்கு என்ன பஞ்சம். நீளமான கைத்தறித் துண்ட ஒரு அரைத் திருப்பு திருப்பி ரெண்டு முனையயும் சேத்துத் தைச்சா மோபியஸ் பட்டி, அதுக்கு ஒரு பக்கந்தான். நடுவால சோக்குக் கோடு போட்டுக்கிட்டே போனா கைய எடுக்காம ரெண்டு பக்கமும் கோடு விழுந்து தொடங்கின இடத்துக்கே வந்திடும், அந்தக் கோட்டால வெட்டினா ரெண்டா பிரியாம ஒரே பெரிய வளையமா வரும். மகன்ட கழுத்துல அதப் போட்டு மேடையில கத்திரிக்கோலால வெட்டிக் காட்டுறதெண்டு பிளேன். ராத்திரி உம்மா பாத்திட்டு, தையல் முறுகி இரிக்கெண்டு பாவப்பட்டு பிரிச்சி நேராக்கி அழகாத் தெச்சி அயனும் பண்ணி வெச்சிட்டா. எங்களுக்குத் தெரியா. மேடையில வெட்டினான், ரெண்டு வளையமாக் கீழ விழுந்திச்சு. "இப்ப ஒண்டாத்தான் இரிக்கும்" எண்டு முதலே வேற சொல்லிட்டான் புள்ள. உம்மாட்ட இண்டைக்கு வரைக்கும் நாங்க சொல்லல்ல.

— மருதமுனை உம்மாட மகள்

எங்கட ரெட்டையள்ல ஒருத்தன் 1, மத்தவன் 0. சைபர்காரன் "நான் ஒண்டுமில்லையா" எண்டு அழுதான், வலது பக்கம் நிண்டா தம்பிய பத்தாக்குறதே நீதான் எண்டு சொல்லி ஏத்தினோம். மேடையில சண்ட பிடிச்சிக்கிட்டு இடது பக்கம் பெய்த்து நிண்டான்.

— அக்கரைப்பற்று

ஐயோ மருதமுனைத் தங்கச்சி, சிரிச்சி முடியல்ல. இந்த முற மகளுக்கு மோபியஸ்தான், ஊசி நூல மாமிட கண்ணுல படாம வெச்சிரிக்கன்.

— கல்லடி அம்மா