ஹெச்டபிள்யூமான் டிரைவரில் ஹிஸ்டெரிசிஸ் வரம்பு: எதை எழுதவிடுவது?

லினக்ஸ் கெர்னலின் ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு) பகுதியில் ஒரு வெப்ப உணரிச் சிப்புக்கு டிரைவர் எழுதுகிறேன். வரம்புகளின் ஹிஸ்டெரிசிஸ் மதிப்பில் ஒரு சந்தேகம்.

சிப்பில் மூன்று மேல்வரம்புகள்: எச்சரிக்கை, பழுது, அப்புறம் மின்சாரத்தையே துண்டிப்பது. முதல் இரண்டுக்கும் டெம்ப்1_மேக்ஸ், டெம்ப்1_கிரிட் (பயனர் மதிப்பைப் படிக்கவும் எழுதவும் கெர்னல் தரும் கோப்புகளின் பெயர்கள்). மூன்றாவதுக்கு டெம்ப்1_எமர்ஜென்சி, இரண்டுக்கு மேல் மேல்வரம்பு உள்ள சிப்புகளுக்கென்றே இருக்கும் பெயர் அது, மதிப்பு கிரிட்டைவிடக் குறையக் கூடாது. கீழ்வரம்பு ஒன்றுதான், டெம்ப்1_மின். இதுவரை சரி.

தலைவலி ஹிஸ்டெரிசிஸில், அதாவது வரம்பைத் தாண்டி எழுந்த எச்சரிக்கை அடங்க வெப்பநிலை வரம்புக்கு எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதில். கெர்னல் விதிப்படி டெம்ப்1_மேக்ஸ்_ஹிஸ்ட் என்பது இடைவெளி அல்ல, முழு வெப்பநிலை, அதுவும் மில்லிடிகிரியில். வரம்பு 85 டிகிரி, இடைவெளி 5 என்றால் 80000 என்று காட்ட வேண்டும். ஆனால் சிப்பில் இருப்பதோ இடைவெளிக்கான ஒரே ரெஜிஸ்டர் (மதிப்பை வைக்கும் இடம்), மூன்று மேல்வரம்புகளுக்கும் பொது! பயனர் மேக்ஸ்_ஹிஸ்ட்டை மாற்றினால் கிரிட்_ஹிஸ்ட்டும் சேர்ந்து நகரும். மேக்ஸை மட்டும் மாற்றினாலும் அதன் ஹிஸ்ட் தானாக மாறிவிடும்.

ஒன்றை மட்டும் எழுதவிட்டு, மற்றவற்றைப் படிக்க மட்டும் வைக்கலாம் என்று தோன்றுகிறது. எழுதக்கூடியதாக மேக்ஸ்_ஹிஸ்ட்டை வைப்பதா, கிரிட்_ஹிஸ்ட்டையா? மேக்ஸ் மாறும்போது பழைய ஹிஸ்ட் மதிப்பைக் காப்பாற்ற ரெஜிஸ்டரைத் திருத்தி எழுதுவது தேவையா? இப்படிப்பட்ட சிப்புக்கு டிரைவர் எழுதியவர்கள் சொல்லுங்களேன்.