சிங்கப்பூர் – நியூயார்க்: அம்மாவுடன் 15,350 கிலோமீட்டர்

நீண்ட தூர விமானத்தில் பெற்றோரை அழைத்துப் போனவர்கள் எழுதுவதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது.

அக்டோபரில் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவுடன் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு நேரடியாகப் போனேன். அம்மாவுக்கு வயது 68. "எவ்வளவு தூரம்டா?" என்று கேட்டார். சுமார் 15,350 கிலோமீட்டர் என்றால் என்ன புரியும்? சென்னையிலிருந்து கன்னியாகுமரி சாலை வழியில் சுமார் 700 கிலோமீட்டர். "பதினோரு தடவை போயிட்டுத் திரும்பி வர்ற தூரம்மா" என்றேன். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது!

இந்தத் தடத்தில் பறப்பது மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். விமானம். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால் முட்டிவலி உள்ளவரை நடுவில் ஓர் ஊரில் இறக்கி, ஏற்றி, சோதனை வரிசையில் நிறுத்துவதை நினைத்தால் எனக்கு அது சரியாகவே பட்டது.

டிக்கெட்டில் பயண நேரம் 18 மணி 40 நிமிடம். வானில் பறந்தது 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். பசிபிக் மீது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. வரைபடத்தில் மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது. நாங்கள் போனதோ ஜப்பான் பக்கமாக, பசிபிக்கைத் தாண்டி. தூரம் கூடினாலும் காற்று அதை ஈடுகட்டிவிடுகிறது.

நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினோம். நாலைந்து மணி நேரத்தில் விடிந்தது, அப்புறம் ஆறேழு மணி நேரத்திலேயே மறுபடி இருட்டிவிட்டது. சூரியனுக்கு எதிர்த் திசையில் ஓடுவதால் பகல் அப்படிச் சுருங்குகிறது. அம்மா மாத்திரை வேளையைத் தவறவிடக் கூடாது என்று அவர் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டிருந்தேன். நல்ல வேளை, ஜன்னலைப் பார்த்திருந்தால் குழம்பியிருப்போம். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தோம். காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் போட்டிருந்ததால் அவருக்குக் கால் வீங்கவில்லை. ஓர ஜன்னல் இருக்கையைவிட நடைபாதையை ஒட்டிய இருக்கைதான் பெரியவர்களுக்கு வசதி.

டிசம்பரில் திரும்பினோம். இரவு பத்தரைக்குக் கிளம்பி, ஒரு முழுத் தேதியை வானத்திலேயே கழித்து, அதற்கடுத்த நாள் காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். இந்த முறை திரையில் அட்லாண்டிக்கும் ஐரோப்பாவும் வந்தன. காற்றைப் பார்த்து அன்றன்றைக்கு வழியை முடிவு செய்கிறார்களாம். சில நாள் பசிபிக் வழியாகவும் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் மகனின் பூமி உருண்டையில் இரண்டு பயணத்தையும் விரலால் காட்டினேன். இரண்டுமே கிழக்கு நோக்கி. அம்மா தன் விரலையும் கூடவே நகர்த்திக்கொண்டு வந்தார். விரல் மறுபடி சிங்கப்பூரைத் தொட்டதும் என்னைப் பார்த்தார்.

"அப்போ நாம திரும்பி வரலியாடா? உலகத்தைச் சுத்தி வந்திருக்கோமா?"

ஆமாம் என்றேன். அன்றைக்கே ஊரிலிருக்கும் சித்திக்குப் போன் போட்டுவிட்டார்.