சங்குக்கு இடும் வாக்கு யாருக்குப் போகிறது?

வடமராட்சியான்:
இந்தத் திரியில் இரண்டு நாட்களாக ஒரே பல்லவி: "தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு இடும் வாக்கு 2005 ஜனாதிபதித் தேர்தலைத் தமிழர் பகிஷ்கரித்ததன் மறுபதிப்பு, அது எதிரியைத்தான் வெல்ல வைக்கும்." எழுதியவர் பெரிய படிப்பாளியாம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நான் அவருடைய சின்னமான சங்குக்குத்தான் வாக்களிப்பேன். ஏன் என்று கேளுங்கள். 2010இல் தமிழ்த் தலைவர்கள் கைகாட்டினார்கள் என்பதற்காகப் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கே புள்ளடி இட்டேன். 2015இல் மைத்திரிபால. 2019இல் சஜித் பிரேமதாச. மைத்திரிபால எங்கள் வாக்கால் வென்றார். தீர்வு வருகிறது என்று தீபாவளிக்குத் தீபாவளி சொன்னார்கள். 2018 ஒக்டோபரில் அதே மனிதர், நாங்கள் தோற்கடித்த மஹிந்த ராஜபக்சவைக் கூட்டிவந்து பிரதமர் நாற்காலியில் இருத்தினார். வலிகாமம் வடக்கில் என் மனைவியின் சீதனக் காணி இன்றும் இராணுவ முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. வேலியோரம் நின்றால் எங்கள் கிணற்றுக்கட்டு தெரிகிறது. அதன் அருகில் யாரோ வைத்த வாழை குலை தள்ளி நிற்கிறது. இனி எந்தத் தென்னிலங்கை வேட்பாளருக்கும் என் வாக்கை முற்பணமாகக் கொடுக்க மாட்டேன்.

மட்டுநகர் வாசகன்:
"படிப்பாளி" என்று குத்தியது என்னைத்தான் என்று தெரியும். படித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. 2005இல் மஹிந்த, ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளால். பகிஷ்கரிப்பால் யாழ். மாவட்டத்தில் அன்று வாக்களித்தோர் 1.2 வீதம். அதன் விலையை முள்ளிவாய்க்கால் வரை கொடுத்தோம். உங்கள் காணிக்காக உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் அந்தக் காணியை விடுவிக்கக் கையெழுத்திடும் அதிகாரம் ஜனாதிபதியிடம் இருக்கிறது, அரியநேத்திரனிடம் இல்லை. கிழக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2012இல், வடக்கில் 2013இல். இப்போது ஆளுநர்கள் வைத்ததுதான் சட்டம். மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் 13ஆம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்று வடக்குக்கு வந்து சொன்னவர் சஜித். தமிழரசுக் கட்சியும் செப்டெம்பர் 1 அன்று வவுனியாவில் கூடி அவரை ஆதரிக்கத் தீர்மானித்தது. என் வாக்கு அவருடைய சின்னமான தொலைபேசிக்கு.

வடமராட்சியான்:
180,786 என்று எத்தனை தடவை எழுதினாலும் கணக்கு மாறாது. ஜனாதிபதித் தேர்தலில் முதல் சுற்றிலேயே வெல்ல, செல்லுபடியான வாக்குகளில் 50 வீதத்தைத் தாண்ட வேண்டும். 2005இல் மஹிந்த எடுத்தது 50.29 வீதம். அதாவது பாதியைத் தாண்டியது வெறும் 28 ஆயிரத்துச் சொச்சத்தால்! இன்னும் 60 ஆயிரம் பேர் வாக்குச் சாவடிக்குப் போய் ரணில் அல்லாத ஒரு மூன்றாமவருக்கு இட்டிருந்தால்கூட அவர் பாதியைத் தொட்டிருக்க மாட்டார். யாழ். மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஏழு இலட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். வீட்டில் இருப்பது வேறு, சங்குக்கு இடுவது வேறு. சங்குக்கு இட்டால் அது செல்லுபடியான வாக்கு. எவருக்கும் 50ஐ எட்டுவது கடினமாகும். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வன்னி ஆசிரியை:
இருவரும் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறீர்கள்? சீட்டில் மூன்று விருப்பு இடலாம். நான் தபால் வாக்கில் சங்குக்கு 1, தொலைபேசிக்கு 2 என்று இட்டுவிட்டேன். எவருக்கும் 50 கிடைக்காவிட்டால் என் இரண்டாம் விருப்பு சஜித்துக்குப் போகும். வாக்கு வீணாகாது.

மட்டுநகர் வாசகன்:
வீணாகாது என்று யார் சொன்னது அக்கா? 1982 முதல் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்துவிட்டன. ஒன்றில்கூட இரண்டாம் விருப்பை எண்ணியது கிடையாது. இம்முறை எண்ணினாலும், முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் அது சேரும். நீங்கள் எல்லோரும் முதல் விருப்பைச் சங்குக்குக் கொடுத்து, சஜித் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டால், உங்கள் "2" கடலில் கரைத்த பெருங்காயம். மற்றத் தென்னிலங்கை வேட்பாளர்களில் அநுரவோ ரணிலோ ஜனாதிபதியாக வருவார்.

வடமராட்சியான்:
ஆசிரியை அக்காவின் மீதும் எனக்கு வருத்தம்தான். பொது வேட்பாளரை நிறுத்தியது தமிழ் மக்கள் ஒரு தனித் தேசம் என்று காட்ட. அதற்குப் பக்கத்தில் "2" என்று எழுதினால் காட்டியது என்ன? சரி, அது உங்கள் விருப்பம். வாசகன் தம்பி இன்னும் 28 ஆயிரத்துக்குப் பதில் சொல்லவில்லை.

ரொறன்ரோத் தமிழன்:
தென்னிலங்கைக்கு வாக்குச் சேர்க்கும் கூட்டத்தை இனங்கண்டுகொள்ளுங்கள் உறவுகளே. தமிழரசுக் கட்சியின் மட்டக்களப்பு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரான அரியநேத்திரனையே அக்கட்சி கைவிட்டது. இது துரோகம்.

மட்டுநகர் வாசகன்:
வாருங்கள். உங்களுக்கு இங்கே வாக்குச் சீட்டு இருக்கிறதா? தோற்றால் நீங்கள் மறுநாள் காலை வேலைக்குப் போவீர்கள். சோதனைச் சாவடியில் இறங்கி நின்றவர்கள் நாங்கள். "துரோகி" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கிழக்கில் எங்களுக்குச் சலித்துவிட்டது. அரியநேத்திரன் எங்கள் ஊர்க்காரர்தான், நல்ல மனிதர். அவரை முன்னால் தள்ளியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கிழக்குக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

ரொறன்ரோத் தமிழன்:
1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவன் நான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வன்னி ஆசிரியை:
வடக்கு கிழக்கு என்று பிரிப்பதற்கா இந்தத் திரி? 1982இல் குமார் பொன்னம்பலம் நின்றபோது யாழ். மாவட்டத்தில் அவரே முதலிடம். அதையாவது நினைத்துப் பாருங்கள்.

மட்டுநகர் வாசகன்:
நினைத்துப் பார்த்தேன். நாடு முழுவதும் 173,934 வாக்குகள். வென்று ஜனாதிபதியான ஜே.ஆர். ஜயவர்தன அசைந்தாரா?

வடமராட்சியான்:
அசைந்தாரா என்று கேட்பவர், 2015இல் நாங்கள் வெல்ல வைத்தவர் அசைந்தாரா என்றும் கேட்க வேண்டும். சஜித் 13ஐத் தருவாராம். 1987இல் வந்த திருத்தம் அது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் அரசியலமைப்பில் அச்சிலேயே இருக்கின்றன. கொடுக்க மனமிருந்தவர் யாராவது இத்தனை ஆண்டுகளில் கொடுத்திருப்பார். அவருடைய தந்தை பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோதும் 13 இருந்தது. வடக்கு கிழக்கு மாகாண சபையைக் கலைத்தது அவர் காலத்தில்தான். மகன் தருவார் என்று நீங்கள் நம்புங்கள், நான் நம்பத் தயாரில்லை.

மட்டுநகர் வாசகன்:
அந்தச் சபையின் முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் ஒருதலைப்பட்சமாகச் சுதந்திரப் பிரகடனம் செய்ததை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் அண்ணா? பாதிக் கதை சொல்வதில் வல்லவர் நீங்கள். மீண்டும் சொல்கிறேன்: 180,786.

வடமராட்சியான்:
மீண்டும் சொல்கிறேன்: 28 ஆயிரம். அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று ஒரு வரி எழுத உங்களால் முடியவில்லை. பெருமாளைக் கொண்டுவந்து பேச்சை மாற்றுகிறீர்கள். பெருமாளைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனித் திரி தொடங்குங்கள், அங்கேயும் வருகிறேன்.

ரொறன்ரோத் தமிழன்:
நானும் வருகிறேன். சோதனைச் சாவடிக் கதைக்கும் அங்கே பதில் இருக்கிறது.