எஸ்பி-சி குளோனிங்: ஃபியூஷன் டேக் பற்றி யோசனை தேவை

வணக்கம். மனித நுரையீரல் சர்ஃபேக்டன்ட்டில் (காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் படலம்) உள்ள புரதங்களின், சுருக்கமாக எஸ்பிக்களின், மரபணுக்களை குளோன் செய்துகொண்டிருக்கிறேன். எஸ்பி-பி தொல்லை தரவில்லை. நுரையீரல் ஆர்என்ஏவிலிருந்து செய்த டிஎன்ஏ நகலில் (சிடிஎன்ஏ), 381 அமினோ அமிலங்களுக்கான முழு நீளமும் பிசிஆரில் வந்துவிட்டது.

சிக்கல் எஸ்பி-சியில்தான். முதிர்ந்த புரதம் வெறும் 35 அமினோ அமிலம். அதில் பாதிக்கு மேல் வேலின், லூசின், ஐசோலூசின். தண்ணீர் என்றாலே ஆகாது! ஈ.கோலை பாக்டீரியாவில், மரபணுவை இயக்கிவிடும் ஐபிடிஜி என்ற பொருளைச் சேர்த்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது, ஜெல்லில் பட்டையே தெரிவதில்லை. பாக்டீரியாவின் சவ்வையே அது குலைக்கிறது என்பது என் சந்தேகம். ஃபியூஷன் டேக்காக, அதாவது கூடவே ஒட்டவைக்கும் துணைப் புரதமாக, தயோரெடாக்சின், ஜிஎஸ்டி (குளூட்டத்தயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்) இரண்டில் எதை இணைத்தால் தாங்கும்? 5, 6ஆம் இடங்களிலுள்ள சிஸ்டீன்களில் பாக்டீரியா எப்படியும் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை ஏற்றாது. அவற்றை ஃபினைல்அலனினாக மாற்றிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது குறையுமா? இல்லை, முன்புரதத்தை (முதிர்வதற்கு முந்தைய நீண்ட வடிவம்) முழுசாகப் பாலூட்டி செல்களில் போடுவதுதான் வழியா? அதில் மகசூல் குறையுமே என்று தயங்குகிறேன்.

இன்னொன்று: எஸ்பி-ஏ1, எஸ்பி-ஏ2 இரண்டும் 10ஆம் குரோமோசோமில் அக்கம்பக்கம், வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. என் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டையும் சேர்த்தே இழுக்கிறது. ஒவ்வொரு காலனியையும் சீக்வென்சிங் செய்யாமல் பிரித்தறிந்தவர்கள் இருந்தால், பிரைமரை எந்தப் பகுதியில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.