எஞ்சின் மாற்றிய கோ-கார்ட் ஏற்றத்தில் திணறுகிறது: எத்தனை பல் ஸ்பிராக்கெட் போடலாம்?

வணக்கம். இடம் கோத்தகிரி, சுமார் 1,800 மீட்டர் உயரம். ஓட்டுவது எஸ்டேட்டுக்குள் இருக்கும் சொந்தப் பாதையில்தான்.

பழைய ஸ்கூட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, தீபாவளி விடுமுறையில் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 மாட்டினோம். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (எஞ்சின் வேகம் கூடினால் தானே பிடிப்பது), 35 நம்பர் செயின், ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) முன்னால் 12 பல், பின் ஆக்சிலில் 60 பல். டயர் 11 அங்குலம்.

சமதளத்தில் குறையே இல்லை, 3,600 ஆர்பிஎம்மில் கணக்குப்படி 38 கிமீ வேகம். தேயிலைக் கொட்டகைக்கு ஏறும் வளைவில்தான் வம்பு. 2,000 ஆர்பிஎம்முக்கு இறங்கி, கிளட்ச் வழுக்கி, தீய்ந்த வாடை வருகிறது. கிளட்ச் ட்ரம் சூட்டில் நீலம் பாரித்துவிட்டது. பழைய எஞ்சினில் சிவிடி (பெல்ட் மூலம் கியர் விகிதம் தானே மாறும் அமைப்பு) இருந்ததால் இந்தத் தொல்லையே கிடையாது.

ஸ்பார்க் பிளக் கரியாக இருந்தது. இந்த உயரத்துக்குச் சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டதும் பழுப்பாகிவிட்டது. ஆனாலும் இங்கே காற்று மெலிவு, பவரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதற்கு ஜெட் என்ன செய்யும்? கிளட்ச் ஷூவைச் சுத்தம் செய்தாயிற்று, செயின் தளர்வும் சரி. கோவையில் கேட்டால் "5:1 போதும்" என்கிறார்கள், அதாவது எஞ்சின் ஐந்து சுற்றுக்கு ஆக்சில் ஒரு சுற்று, இப்போது இருப்பதேதான். அவர்களுக்கென்ன, சமவெளி!

12 பல்லுக்குக் குறைவான கிளட்ச் கிடைக்கவில்லை. பின்னால் 72 பல் போட்டால் 6:1 வரும், வேகம் 32 கிமீ ஆகும். அது பரவாயில்லை. ஆனால் ஸ்பிராக்கெட்டுக்கும் தரைக்கும் இடையே ஓர் அங்குலம்தான் மிஞ்சும், பாதையிலோ ஜல்லி.

மலையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: 72 பல்லே போதுமா, இல்லை டார்க் கன்வர்ட்டருக்கே (கார்ட்டுக்கான பெல்ட் சிவிடி) போய்விடலாமா?