புதுப்பிப்பு: ஏயாசி ஏரிக்கரையில் ஹட்சா மக்களைச் சந்தித்தது

தான்சானியாவில் செரெங்கெட்டி, கோரோங்கோரோ வனவிலங்குப் பயணத்தோடு சேர்த்து, ஏயாசி ஏரிக்கரையில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களையும், நாம் தரும் பணம் அவர்களுக்குச் சேரும் வகையில் சந்திப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கராட்டு நகரிலிருந்து காலையில் புறப்படலாம் என்ற யோசனையைவிட, முந்தைய நாளே ஏரிக்கு அருகிலுள்ள மங்கோலாவுக்குப் போய்த் தங்கி, அங்குள்ள பண்பாட்டுச் சுற்றுலா அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள் என்ற யோசனையே கைகொடுத்தது. ஹட்சா ஆண்கள் விடியும் வேளையிலேயே வில்லோடு வேட்டைக்குக் கிளம்பிவிடுவதால், வெயில் ஏறியபின் போனால் அவர்களோடு நடக்கும் வாய்ப்பு கிடைப்பது அரிது. வழிகாட்டிக்கு ஹட்சா மொழி தெரிந்திருந்ததால், படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க முடிந்தது. இதை மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நான் எதிர்பாராதது, அருகிலிருந்த, டடோகா என்ற இன்னொரு சமூகத்தினரின் கொல்லர் பட்டறை. துருத்தி ஊதி, பழைய பித்தளைப் பூட்டுகளை உருக்கி வளையல் வார்க்கிறார்கள். இரும்பு ஆணிகளைக் காய்ச்சி அடித்து அம்புமுனை ஆக்குகிறார்கள். அந்த முனைகளைத்தான் ஹட்சா வேடர்கள் தேனும் இறைச்சியும் கொடுத்துப் பெற்றுக்கொள்கிறார்கள். ஆகவே, இரு சமூகங்களையும் ஒரே நாளில், காலையில் ஹட்சா, பிறகு டடோகா என்ற வரிசையில் பாருங்கள். கட்டண ரசீதை அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.